குளியல் பொடி பூசினேன், கன்னம் கறுத்தது!

கேள்வி: எனக்கு 27 வயது. தாடையைச் சுற்றிப் பருக்கள். ரத்தம் சுத்தமானால் போய்விடும் என்று தோழி சொன்னதால், ஒரு மாதமாக வெறும் வயிற்றில் வேப்பிலைச் சாறு குடிக்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய மூலிகைக் குளியல் பொடியை முகத்தில் பூசி, காய்ந்ததும் கழுவிவிட்டு ஸ்கூட்டரில் வேலைக்குக் கிளம்புகிறேன். பரு குறையவில்லை. கன்னம் கறுத்து, நெற்றியில் எரிச்சல் வேறு. நச்சு வெளியேறும்போது இப்படித்தான் இருக்குமா?

பதில்: இல்லை. பொடியை இன்றே நிறுத்துங்கள். அப்புறம், அதில் என்னென்ன சேர்த்தார்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பட்டியலில் கார்போக அரிசி இருந்தால் என் சந்தேகம் அதன் மேல்தான்.

பெயரில்தான் அரிசி. உண்மையில் அது ஒரு செடியின் கறுப்பு விதை; ஆயுர்வேதத்தில் பாகுசி என்போம். வெண்புள்ளிக்குப் பழங்காலத்திலிருந்து கொடுக்கப்படும் மருந்து. அதிலுள்ள சோராலன் என்ற வேதிப்பொருள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் அந்த இடம் சிவக்கும், பிறகு கறுக்கும்; அதிகமானால் தீப்பட்டதுபோலக் கொப்புளம் போடும். வெளுத்த தோலில் நிறம் வர உதவுவதும் இதே குணம்தான். முகம் பளிச்சென்று ஆக வாங்கும் பொடியில் இதை ஏன் அரைக்கிறார்களோ! எலுமிச்சைச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் போனாலும் இப்படி ஆகலாம்.

கறுப்பு மங்கச் சில மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை வெயிலில் போகும்போது முகத்தை மூடிக்கொள்ளுங்கள், சன்ஸ்கிரீன் போடுங்கள். எரிச்சல் அடங்கியபின் நன்றாகச் சலித்த பச்சைப்பயறு மாவு போதும். தேய்க்காமல், காயவிடாமல் கழுவிவிடுங்கள். பருவின் மேல் கரகரப்பான பொடியைத் தேய்த்தால் அது இன்னும் சிவந்து வீங்கும்.

வேப்பிலைச் சாறும் வேண்டாம். கொழுந்து நாலைந்து மெல்வது வேறு, தினமும் டம்ளர் டம்ளராகக் குடிப்பது வேறு. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தொடவே கூடாது.

சரி, ரத்தசுத்தி? அன்றாடக் கழிவை அகற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. ஆயுர்வேதம் சொல்லும் விரேசனம் என்ற பேதி சிகிச்சைக்கு முன் சில நாள் மருந்து நெய், பின்பு கஞ்சியில் தொடங்கும் பத்தியம் என்று முறை உண்டு; ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்து பார்க்கும் விஷயமல்ல. தோலுக்கு நாங்கள் அதிகம் எழுதிக் கொடுப்பது மஞ்சிட்டியும் நன்னாரியும். இரண்டும் கஷாயமாக, ஆளைப் பார்த்து அளவு. நன்னாரி சர்பத் அந்தக் கணக்கில் வராது. அதில் முக்கால்வாசி சர்க்கரைப் பாகு. மலச்சிக்கல் இருந்தால் இரவில் அரை டீஸ்பூன் திரிபலா சூரணத்தை வெந்நீரில் சாப்பிடலாம். வயிறு இளகினால் நிறுத்திவிடுங்கள்.

மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. தாடையோரப் பருவுடன் அது தள்ளியும் போகிறது, முகத்தில் முடியும் வளர்கிறது என்றால், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையா என்று மகப்பேறு மருத்துவரிடம் பாருங்கள். அது இருந்தால் எந்தப் பொடியும் வெளியிலிருந்து ஒன்றும் செய்யாது. கொப்புளம் கண்டால் தாமதிக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள். போகும்போது அந்தப் பொடியையும் ஒரு பொட்டலம் கட்டி எடுத்துச் செல்லுங்கள்.