அக்டோபரில் பாய் விரிக்கலாமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் இங்கிலாந்தின் சவுதாம்டனில் இருக்கிறோம். எனக்கு வயது 43. போன கோடையில் பாய்மரப் படகு ஓட்டப் பழகி, பகலில் சிறு படகைத் தலைமையேற்று ஓட்டுவதற்கான டே ஸ்கிப்பர் சான்றிதழும் வாங்கிவிட்டேன். கூட வேலை செய்கிற இருவர் தங்களுடைய 27 அடி படகில் எனக்கும் ஒரு பங்கு தருவதாகச் சொல்கிறார்கள். படகு ஹாம்பிள் ஆற்றில் நிற்கிறது. குளிர்காலத்திலும் அதைக் கரையேற்ற மாட்டார்களாம். "கோடைக் கூட்டம் போன பிறகுதான் சுகமே" என்கிறார்கள். என் மனைவியோ, "இந்தக் குளிரில் தெருவில் நடக்கவே முடியவில்லை, கடலுக்கா?" என்கிறார். எனக்கும் பாதி ஆசை, பாதி பயம். சேரலாமா?
- பெயர் வேண்டாம், சவுதாம்டன்

பதில்: சேருங்கள், தம்பி. உங்கள் நண்பர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் உங்கள் பயத்தையும் படகில் ஏற்றிக்கொண்டே போங்கள். அதற்கும் அங்கே வேலை இருக்கிறது.

ஆகஸ்டில், இங்கிலாந்துக் கரைக்கும் வைட் தீவுக்கும் நடுவிலுள்ள சோலன்ட் நீரிணை எப்படி இருக்கும் என்று பார்த்திருப்பீர்கள். அந்தத் தீவின் கவ்ஸ் ஊரில் கவ்ஸ் வாரப் படகுப் பந்தயம் நடக்கும் நாட்களில், படகுக் கூட்டத்தில் தண்ணீரே தெரியாது. யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று கணக்குப் பார்த்தே பொழுது போய்விடும். சாயங்காலம் அதே தீவின் நியூடவுன் கழிமுகத்துக்குள் போனால் நங்கூரம் போட இடம் கிடைக்காது. அதே இடத்துக்கு அக்டோபர் கடைசியில், வேலை நாள் ஒன்றில் போய்ப் பாருங்கள். படகு கட்டும் மிதவைகள் காலியாகக் கிடக்கும். சைபீரியாவிலிருந்து பிரென்ட் காட்டு வாத்துகள் வந்து இறங்கியிருக்கும். சேற்றுத் திட்டுகளில் கடற்புல் மேய்ந்துகொண்டு, தங்களுக்குள் ஓயாமல் ஏதோ பேசிக்கொண்டிருக்கும். மார்ச் வரை இங்கேதான். கிட்டப் போய்க் கலைத்துவிடாதீர்கள். அவ்வளவு தூரம் பறந்து வந்தவை சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

அப்புறம் வெளிச்சம். டிசம்பர் கடைசியில் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்துக்கு மேலே 16 பாகை அளவுக்குத்தான் ஏறும். நாள் முழுக்கச் சாயங்கால வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலிலிருந்து தப்பி நிழல் தேடிப் பழகிய நமக்கு, அந்த வெயிலை முகத்தில் வாங்கிக்கொண்டு சுக்கானைப் பிடித்து உட்கார்ந்திருப்பது புது அனுபவம். குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பான குளிர்முகம் ஒன்று கடந்து போனதும் வடமேற்கிலிருந்து கழுவிவிட்டதுபோல் காற்று வரும். அன்றைக்கு வைட் தீவில் வயல் வேலிகளைக்கூட எண்ணலாம். கோடைப் புழுக்கத்தில் இந்தத் தெளிவு கிடைக்காது. ஒன்று மட்டும் கவனியுங்கள். ஹாம்பிளிலிருந்து கவ்ஸுக்குப் போகும்போது அந்தத் தாழ்ந்த சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். தண்ணீரில் கிடக்கும் மீன்பிடி மிதவை தெரியவே தெரியாது.

காற்றின் குணமும் மாறிவிடும். கோடையில் நிலம் சூடாகி, மத்தியானத்தில் கடல்காற்று எழும். நீங்கள் பழகியது அந்தக் காற்றில். குளிர்காலத்தில் அது கிடையாது. அட்லாண்டிக்கிலிருந்து வரிசையாக வரும் தாழ்வழுத்தங்கள்தான் காற்றைத் தீர்மானிக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியும் கூடியது. 20 டிகிரியில் வீசுவதைவிட 5 டிகிரியில், அதே வேகத்தில் வீசும் காற்று பாயைச் சுமார் 5 சதவீதம் கூடுதலாகத் தள்ளும். ஆகவே கோடையில் பாயைச் சுருக்கும் நிலைக்கு ஒரு படி முன்னதாகவே சுருக்கிவிடுங்கள். ஆரம்பத்துக்கு மிதமான வடக்குக் காற்று அடிக்கும் நாளாகப் பாருங்கள். இங்கிலாந்துக் கரையே தடுப்பாக நிற்பதால் தண்ணீர் தட்டையாக இருக்கும். தென்மேற்குக் காற்றும் மேற்கே வடியும் நீரோட்டமும் எதிரெதிராக மோதும் நாளில் மேற்குச் சோலன்டுக்குப் போகவே வேண்டாம். அங்கே அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். அதன் மேற்குக் கோடியிலுள்ள ஹர்ஸ்ட் முனையில், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றவற்ற நாட்களில் நீரோட்டமே 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்தைத் தாண்டும்.

இனி பயத்துக்கு வருகிறேன். குளிர்காலக் கடலில் பயப்பட வேண்டியது தண்ணீருக்குள் விழுவதற்குத்தான். மற்றதெல்லாம் அசௌகரியம், சமாளித்துக்கொள்ளலாம். 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் திடீரென்று விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது. தானாக வாய் பிளந்து மூச்சு இழுக்கும், அப்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் போச்சு. அதைத் தாண்டினாலும் சிறிது நேரத்தில் கையும் காலும் மரத்து, நன்றாக நீந்தத் தெரிந்தவரே நீந்த முடியாமல் போவார். உடம்பு குளிர்ந்து சாவது இதற்கெல்லாம் பிறகுதான். அதனால்தான் கடலில் தத்தளிப்பவர்களை மீட்கும் பிரிட்டனின் ஆர்.என்.எல்.ஐ. உயிர்காப்புப் படையினர், விழுந்ததும் நீந்த முயலாதே, மல்லாந்து மித, மூச்சு அடங்கட்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

ஆகவே லைஃப் ஜாக்கெட்டைப் படகுத்துறையிலேயே மாட்டிக்கொள்ளுங்கள். தொடைப் பட்டையையும் இறுக்குங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் முகத்துக்கு ஏறிவிடும். படகின் முன்பக்கம் போவதென்றால் இடுப்புக் கயிற்றைப் படகோடு கொக்கி போட்ட பிறகுதான். விழுந்தவரை இரண்டு பேர் மட்டும் சேர்ந்து எப்படித் தூக்குவது என்று உங்கள் நண்பர்களிடம் கேளுங்கள். "ஏணி இருக்கிறது" என்பதோடு நிறுத்திக்கொண்டால் அது பதில் ஆகாது. துறையில் கட்டியிருக்கும்போதே கப்பியும் கயிறும் வைத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிப்பவர்களோடு நான் குளிர்காலத்தில் படகேற மாட்டேன்.

எப்போது ஆரம்பிப்பது? செப்டம்பர் கடைசி, அக்டோபர். நிலம் குளிர்ந்த பிறகும் கடல் கோடையின் சூட்டைக் கொஞ்ச நாள் வைத்திருக்கும், அப்போது தண்ணீர் 15 டிகிரிக்கு அக்கம்பக்கம். பிப்ரவரி, மார்ச்சில்தான் அது ஏறக்குறைய 8 டிகிரிக்கு இறங்கும். இதில் பலர் ஏமாறுவது ஏப்ரலில். வெயில் அடிக்கும், பூ பூக்கும், ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் படகேறுவார்கள். கடலுக்கு மட்டும் இன்னும் குளிர்காலம் முடிந்திருக்காது.

தூரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் காலை 8 மணிக்குத்தான் விடியும், மாலை 4 மணிக்கு இருட்டிவிடும். ஹாம்பிளிலிருந்து கவ்ஸ் போய் ஒரு சூப்பைக் குடித்துவிட்டுத் திரும்பினால் அதுவே முழு நாள். பியூலி ஆற்றுக்குள் ஏறி பக்லர்ஸ் ஹார்ட் போவதும் அருமையான பயணம். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் அகமெம்னான் கப்பலைக் கட்டி 1781-ல் நீரில் இறக்கிய கிராமம் அது. பாதி வழியில் காற்று பிடிக்கவில்லையா, திரும்பிவிடுங்கள். கோடையில் திரும்பினால் ஏன் என்று கேட்பார்கள். ஜனவரியில் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். ஆனால் பெரிய கப்பல்களுக்குச் சீசன் கிடையாது. சவுதாம்டனுக்குள் வரும் 150 மீட்டருக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு முன்னால் 1000 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்ற விதி ஜனவரியிலும் உண்டு.

உடைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே கம்பளி, வெளியே நீர் புகாத உடை, ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். அழகான படகோட்டிக் கையுறைகளைவிட மீனவர்கள் போடும் உள்பஞ்சு வைத்த ரப்பர் உறை மேல். ஃபிளாஸ்க்கில் மிளகு ரசம் கொண்டுபோங்கள். உங்கள் நண்பர்கள் அடுத்த வாரமும் கேட்பார்கள். அறைக்குள் சூடு வேண்டுமென்றால் முறையாகப் பொருத்திய, புகையை வெளியே விடும் டீசல் ஹீட்டர் மட்டும்தான். சமையல் அடுப்பை எரியவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் பழக்கம் அவர்களுக்கு இருந்தால் கண்டிப்பாகத் தடுங்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. அதற்கான அலாரம் ஒன்றை உங்கள் செலவிலாவது வாங்கி மாட்டிவிடுங்கள்.

பங்குப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் காப்பீட்டுத் தாளை வாங்கிப் படியுங்கள். குறிப்பிட்ட மாதங்களில் படகு ஓடாமல் நிற்க வேண்டும் என்று நிபந்தனை போடும் காப்பீடுகள் உண்டு. அப்படி இருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும்.

உங்கள் மனைவியை இப்போதைக்குப் படகுக்குக் கூப்பிடாதீர்கள். அவர் குளிர் என்று சொல்வதில் தப்பே இல்லை. சவுதாம்டனிலிருந்து ரெட் ஜெட் என்ற விரைவுப் பயணிகள் படகில் அரை மணி நேரத்துக்குள் வெஸ்ட் கவ்ஸ் வந்துவிடலாம், உள்ளே கதகதப்பாகவும் இருக்கும். நீங்கள் படகில் வந்து சேருங்கள், அவர் அதில் வரட்டும். சேர்ந்து சாப்பிட்டுவிட்டு, ஒன்றரை மணிக்கெல்லாம் நீங்கள் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். அவர் வந்த வழியே திரும்பட்டும். "நானும் வரட்டுமா" என்று அவராகக் கேட்டால், அந்த முதல் பயணத்தை ஜூனில் வைத்துக்கொள்ளுங்கள்.