கோயில் வேறு, கொழுப்பு ஒன்று

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 34. அப்பச்சி (அப்பா) 46 வயதில் மாரடைப்பில் போனார். அத்தைக்கு 52-ல் பைபாஸ். எனக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 236 இருந்தது. கொழுப்பைக் குறைக்கும் ரோசுவாஸ்டாடின் மாத்திரை 20 மில்லிகிராம் மூன்று மாதம் சாப்பிட்டதில் 118-க்கு இறங்கியது. சரியாகிவிட்டதே என்று நிறுத்தினேன், இப்போது 231. பலகாரத்தையும் கறியையும் விட்டால் போதும் என்கிறார் ஆத்தா. மகனுக்கு 9 வயது, ஒல்லிக்குச்சி. அவனுக்கும் பார்க்க வேண்டுமா? தங்கையை அத்தை மகனுக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம். கோயில் (எங்கள் நகரத்தார் குலப்பிரிவு) வேறு என்பதால் கவலையில்லை என்கிறார்கள்.

ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

118 என்பது மாத்திரையின் எண். உங்கள் உடம்பின் எண் 236தான். நிறுத்தியதும் அங்கேயே திரும்பிவிட்டது. ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் ஈரலில் இருக்கின்றன. உங்கள் குடும்பக் கதையைப் பார்த்தால் இது பரம்பரைக் கொழுப்பு நோயாக இருக்கலாம். அதில் பிறவியிலேயே அந்த ஏற்பிகளில் ஏறத்தாழ பாதி வேலை செய்யாது. இந்த ஏற்பியைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. ரோசுவாஸ்டாடின் போன்ற ஸ்டாடின் மாத்திரை கொடுத்தால் ஈரல் மிச்சமுள்ள நல்ல ஏற்பிகளைக் கூடுதலாக உண்டாக்கிக்கொள்ளும், ஆனால் மாத்திரை உள்ளே போய்க்கொண்டிருக்கும் வரைக்கும்தான்.

குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாரை இரு விரலால் பிடித்துப் பாருங்கள். தடித்து, முடிச்சு முடிச்சாகத் தட்டுப்பட்டால் அது கொழுப்புப் படிவாக இருக்கலாம்; மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு குறைந்தாலும் எல்டிஎல் ஏறும் என்பதால் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஆத்தா சொல்வது தப்பில்லை, ஆனால் போதாது. நெய், தேங்காய்ப்பால், கொழுப்புக் கறி எல்லாவற்றையும் குறைத்தால் 10, 15 சதவீதம் இறங்கும். 236 இருநூறுக்கு வரும், அவ்வளவுதான். (எண்ணெய் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் அது கிடையாது, வனஸ்பதி உட்பட.) உங்களுக்கு இலக்கு 70-க்குக் கீழே. ஸ்டாடினை 40 ஆக்கினால் கூடுதலாகக் கிடைப்பது 6 சதவீதம்தான். எசெடிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரை 10 மில்லிகிராம் சேர்த்தால் மிச்சத்தில் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். எதை, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். ஆறெட்டு வாரத்தில் மறுபடி பாருங்கள். தசைவலி வந்தால் நீங்களாக நிறுத்தாமல் அவரிடம் சொல்லுங்கள்.

மகனுக்குக் கட்டாயம் பாருங்கள். இந்த நோயில் ஒல்லி, குண்டு கணக்கில்லை. வந்திருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. எல்டிஎல் 160-க்கு மேல் இருந்து, மறுமுறையும் அப்படியே வந்தால் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். 8, 10 வயதிலேயே ஸ்டாடின் தொடங்குவது உண்டு.

இனி கல்யாணம். கோயில் என்பது ஆண்வழிக் கணக்கு. மரபணுவுக்கு அந்தக் கணக்கு தெரியாது. உங்கள் வீட்டுக் கொழுப்பை அத்தையும் சீதனத்தோடு அடுத்த கோயிலுக்குக் கொண்டுபோயிருக்கலாம். தங்கை, மாப்பிள்ளை இருவருக்கும் கொழுப்புப் பரிசோதனை செய்துவிடுங்கள், சில நூறு ரூபாய்தான். ஒருவருக்கு மட்டும் இருந்தால் கல்யாணத்துக்குத் தடையில்லை. இருவருக்கும் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரு பக்கமிருந்தும் பழுதான மரபணு வர நான்கில் ஒரு வாய்ப்பு. அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு எல்டிஎல் 500-ஐத் தாண்டலாம். பதின்வயதிலேயே மாரடைப்பு வரலாம். நல்ல ஏற்பி இல்லாததால் ஸ்டாடினும் சரியாகப் பிடிக்காது. நாள் குறிக்கும் முன்பே மரபணு ஆலோசகரைப் பார்ப்பது அதனால்தான். தங்கை ஸ்டாடின் தொடங்க நேர்ந்தால், குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லி நிறுத்த வேண்டும் என்பதையும் இப்போதே அவளிடம் சொல்லி வையுங்கள்.