பிரிக்பீல்ட்ஸா, செந்தூலா?

தம்பி, பட்டர்வொர்த்திலிருந்து வேலைக்குக் கோலாலம்பூர் வந்து மூன்று மாதமாகியும் ஊர் ஒட்டவில்லை, வெள்ளி மாலையானால் ரயிலேறிவிடுகிறேன், அறையைப் பிரிக்பீல்ட்ஸில் எடுப்பதா செந்தூலில் எடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் சுங்கைப்பட்டாணியில் பிறந்தவன். பினாங்கில் ஆறு வருடம், கிள்ளானில் நான்கு, இப்போது செந்தூல். காலையில் ஃபெர்ரியில் கடல் காற்று வாங்கிக்கொண்டே ஜார்ஜ்டவுன் போய் இறங்கிய உடம்புக்கு, கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கொமுட்டர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நசுங்குவது தண்டனையாக இருந்தது. நானும் வாராவாரம் ஊருக்கு ஓடினேன். இன்று கிள்ளான் என்றால் தெங்கு கிளானா சாலையின் தீபாவளிக் கூட்டம் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. நான்கு வருடம், தம்பி!

பிரிக்பீல்ட்ஸ் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. நினைத்தால் ஊருக்குப் போகும் இடிஎஸ் ரயிலில் ஏறிவிடலாம். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். செந்தூலுக்கு வாருங்கள், அங்கும் கொமுட்டர் உண்டு. அந்தக் காலத்தில் ரயில்வே பட்டறையை நம்பி நம்மவர்கள் குடியேறிய இடம். சாலையோரத்து ஒட்டுக்கடை ஒன்றிலேயே ஒரு மாதம் பசியாறிப் பாருங்கள், கேட்காமலே உங்கள் தேத்தண்ணி வந்துவிடும். அப்புறம் மாதம் ஒருமுறை ஊருக்குப் போனால் போதும்.

தைப்பூசத்துக்கு மட்டும் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கே போய்விடுங்கள். பத்துமலை பக்கத்தில் இருந்தும் நான் அதைத்தான் செய்கிறேன்.