மீன் வாயில் மோதிரம்: வாசகர் கேள்வி பதில்

கே: கிளாஸ்கோவில் படிக்கும் என் மகள் அனுப்பிய படத்தில், தெருவிளக்குக் கம்பத்தின் மேல் ஒரு குருவி, ஒரு மரம், ஒரு மணி, ஒரு மீன். மீன் வாயில் மோதிரம் வேறு! இது என்ன கூட்டணி?
– வாசகி, நாமக்கல்

கிளாஸ்கோ நகரத்தின் சின்னம் அம்மா அது. நான்கும் ஒரே ஆளுடைய கதைகள். 6ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் வாழ்ந்த புனித முங்கோதான் ஊருக்குக் காவல் புனிதர். அவர் பேரில் அங்கே ஒரு பெரிய தேவாலயமும் இருக்கிறது.

முங்கோ சிறுவனாக மடத்தில் படித்தபோது, குருநாதர் செர்ஃப் ஒரு ராபின் குருவி வளர்த்தார். கூடப் படித்த பையன்கள் விளையாட்டில் அதைக் கொன்றுவிட்டு, பழியை இவன் மேல் போட, இவன் அதைக் கையில் எடுத்து வேண்டிக்கொண்டதும் பறந்துவிட்டதாம். அதே பையன்கள் இன்னொரு நாள், இவன் காவல் காத்த தீயை இவன் தூங்கும் நேரம் பார்த்து அணைத்துவிட்டார்கள். பனியில் உறைந்த கிளைகளை ஒடித்து வந்து வேண்டினான், பற்றிக்கொண்டது. கதையில் வெறும் ஹேசல் கிளை, சின்னத்தில் கம்பீரமான ஓக் மரம். மணி, போப்பாண்டவர் தந்தது என்கிறார்கள். அது காணாமல் போய்ப் பல காலம் ஆயிற்று. அதற்குப் பதிலாக 1641இல் வாங்கிய மணி அங்குள்ள பீப்பிள்ஸ் பேலஸ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

மீன் கதைதான் ருசியானது. அந்த நாட்டு ராணி, ராஜா கொடுத்த மோதிரத்தை ஒரு வீரனுக்குக் கொடுத்துவிட்டாள். தூங்கிக்கொண்டிருந்த வீரனின் விரலில் அதைப் பார்த்த ராஜா சத்தமில்லாமல் கழற்றி கிளைட் ஆற்றில் வீசிவிட்டு, நேரே போய் "என் மோதிரம் எங்கே?" என்று ராணியிடம் கேட்டார். கொண்டுவராவிட்டால் தலை தப்பாது. அவள் முங்கோவிடம் ஓட, அவர் ஒரு துறவியைத் தூண்டிலோடு ஆற்றுக்கு அனுப்ப, முதலில் சிக்கிய சால்மன் மீனின் வயிற்றிலேயே மோதிரம் இருந்தது. நமக்கு உடனே சகுந்தலை ஞாபகம் வரும். ஆனால் அங்கே மோதிரம் மறந்துபோன ராஜாவுக்கு நினைவைத் திருப்பித் தந்தது, இங்கே எல்லாம் தெரிந்த ராஜாவின் வாயை அடைத்தது. ராணி செய்தது சரியா என்று முங்கோ விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை, அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

பறக்காத பறவை, வளராத மரம், ஒலிக்காத மணி, நீந்தாத மீன் என்று இந்த நான்கையும் கிண்டலாகச் சொல்லும் ஒரு நாட்டுப்பாடலும் அங்கே உண்டு. உங்கள் மகளைக் கேட்கச் சொல்லுங்கள், ஊர்க்காரர்கள் யாராவது ஒப்பிப்பார்கள்.

கே: சீர்திருத்த கிறிஸ்தவத்துக்கு மாறிய ஸ்காட்லாந்தில், கத்தோலிக்கப் புனிதர் எப்படி நகரச் சின்னத்தில் தங்கினார்?
– வாசகர், பாளையங்கோட்டை

நல்ல கேள்வி. 1560இல் ஸ்காட்லாந்து போப்பாண்டவரோடு உறவை முறித்துக்கொண்டது, புனிதர் வழிபாடும் போயிற்று. ஆனால் குருவியும் மீனும் அதற்கு முன்பே ஊர் முத்திரைகளில் ஏறிவிட்டன. இந்தச் சின்னம் முறைப்படி பதிவானது 1866இல்தான். அப்போது வடிவமைத்தவர்கள் நான்கு பொருள்களோடு நிறுத்தாமல், கேடயத்துக்கு மேலே முங்கோவையே ஆசீர்வதிக்கும் கையோடு உட்கார வைத்தார்கள்! கேடயத்தின் இருபுறமும் தாங்கி நிற்பவையும் மோதிரம் கவ்விய சால்மன்களே.

வேடிக்கை என்னவென்றால், வெட்டு விழுந்தது கடவுளுக்கு. "ஆண்டவரே, உமது வார்த்தையின் பிரசங்கத்தாலும் உமது நாமத்தின் துதியாலும் கிளாஸ்கோ செழிக்கட்டும்" என்ற பழைய வாசகம், சின்னத்தில் "கிளாஸ்கோ செழிக்கட்டும்" என்று சுருங்கிவிட்டது. கப்பல் கட்டிக் காசு பார்த்துக்கொண்டிருந்த ஊருக்கு அந்தச் சுருக்கம் தோதாகத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

கே: கிளாஸ்கோவில் படித்த நண்பர்கள் அங்கேயே கூடப்போகிறோம். நகரச் சின்னத்தை டி-ஷர்ட்டில் அச்சடிக்கலாமா?
– வாசகர், கோவை

கேட்காமல் அடிக்காதீர்கள். ஸ்காட்லாந்தில் இந்த விஷயத்துக்கென்றே தனி நீதிமன்றம் இருக்கிறது, லயன் கோர்ட் என்று பெயர். அதன் தலைவர் லார்ட் லயன். வழக்குத் தொடுக்க அதற்குச் சொந்தமாக அரசு வழக்கறிஞரும் உண்டு. 1592, 1672 ஆண்டுச் சட்டங்களை இன்னமும் கையில் வைத்திருக்கிறார்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். ஏர் யுனைடெட் என்ற கால்பந்துக் கிளப்பின் சின்னமே இந்தப் பழைய சட்டத்தில் மாட்டி, மாற்ற வேண்டியதாயிற்று.

கிளாஸ்கோ சின்னம் அந்த நகர கவுன்சிலுக்குச் சொந்தம். அங்கே வாழ்கிறோம், படித்தோம் என்பதால் நமக்கு உரிமை வந்துவிடாது. கவுன்சிலுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு அனுமதி கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் கேடயம், புனிதர், வாசகம் எதுவும் இல்லாமல், உங்களில் படம் வரையத் தெரிந்தவரை விட்டு ஒரு மீனையும் மோதிரத்தையும் புதிதாக வரையச் சொல்லுங்கள். கிளாஸ்கோக்காரர்களுக்கு அதுவே போதும், பார்த்ததும் புரிந்துவிடும்.