டைவிங் முடித்த அன்றைக்கே ஊட்டிக்கு ஏறாதீர்கள்

கேள்வி: ஊட்டியிலிருந்து பாண்டிச்சேரி போய், இரண்டே நாளில் ஸ்கூபா டைவிங்கும் அரிக்கமேடும் முடித்துவிட்டுத் திரும்ப முடியுமா?

முடியும். ஆனால் முதல் நாள் கடல், மறுநாள் அரிக்கமேடு (ரோமானியரோடு வாணிகம் நடந்த பழைய துறைமுகம்). நீங்கள் தலைகீழாகத் திட்டம் போட்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

சனிக்கிழமை ஊர் சுற்றினோம். ஞாயிறு காலை இரண்டு டைவ். டைவ் முடிந்த கையோடு விமானம் ஏறக்கூடாது என்பதால் பயிற்சியாளர், "இன்னைக்கு ஃப்ளைட் இருக்கா?" என்று கேட்டார். "இல்லை சார், கார்லதான் போறோம்" என்றேன். சரி என்றுவிட்டார். ஊட்டி 2,240 மீட்டர் உயரம் என்பது இருவருக்குமே உறைக்கவில்லை. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமே அதிகம் போனால் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம். நம் வீடு கிட்டத்தட்ட அந்த உயரத்தில் இருக்கிறது.

மதியம் பன்னிரண்டுக்குக் கிளம்பினோம். மச்சான் வண்டியை விரட்டினார். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், பர்லியார் தாண்டியதும் வழக்கம்போல உப்ப ஆரம்பித்தது. குன்னூரில் அது தலையணை மாதிரி இருந்தபோது, என் இடது தோள் மூட்டுக்குள் குடைச்சல் தொடங்கியது. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்குள் அழுத்தம் குறைந்தால் குமிழாகி, மூட்டுகளில் இப்படி வலிக்கும். அன்று இதெல்லாம் எனக்குத் தெரியாது. தைலம் தேய்த்துப் படுத்துவிட்டேன். விடிந்தும் வலி போகவில்லை. பயிற்சியாளருக்குப் போன் செய்தால், "உடனே மலையை விட்டு இறங்குங்க" என்று பதறினார். கோவையில் ஆக்சிஜன் வைத்தார்கள். கையைத் தூக்க இரண்டு நாளானது.

"நான் போய்வந்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது எழுதுவீர்கள். எல்லோருக்கும் வராதுதான். ஆனாலும் ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், அதற்கு மேல் என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏறலாம் என்பது குறைந்தபட்சக் கணக்கு. மலைக்காரர்களும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது ஒரு முழு நாள் விடுகிறேன்.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. படகில் ஊட்டி என்று சொன்னதும் நாலு பேர், மே மாதம் ரூம் கிடைக்குமா என்று கேட்டார்கள். எங்கே போனாலும் இதே கேள்விதான். அங்கேயே குடியிருக்கிறவர்களும் உண்டு, ராத்திரி வீட்டுக்கு ஏறிப் போக வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

அரிக்கமேட்டுக்கு அரை நாள் போதும். அங்கே நிற்கும் செங்கல் சுவர்களை ரோமானியர் கட்டியது என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். அவை 18-ஆம் நூற்றாண்டுப் பாதிரியார்களுடையவை. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழாய்வுக்காகத் தோண்டிய குழிகள் மூடப்பட்டுவிட்டன. ரோமானிய மதுச்சாடி ஓடுகளையும் மணிகளையும் பார்க்க பாண்டிச்சேரி அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். திங்கட்கிழமை மூடியிருக்கும்.