டென்னிஸ் கேள்வி பதில்: உங்கள் அடியை நீங்களே பாருங்கள்

கேள்வி: ஐயா, என் ஃபோர்ஹேண்ட் (மட்டை பிடித்த கைப்பக்கத்து அடி) அடிக்கடி வலையில் விழுகிறது. செல்போனில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரிகிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மட்டையும் பந்தும் சந்திக்கும் இடத்தை. பந்து மட்டையின் நரம்பு வலையில் தங்குவது ஏறத்தாழ 5 மில்லிவினாடிதான். வினாடிக்கு 30 படங்கள் எடுக்கும் சாதாரண வீடியோவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 33 மில்லிவினாடி இடைவெளி. பார்க்க வேண்டிய அந்தக் கணம் பெரும்பாலும் பதிவாவதே இல்லை. ஸ்லோ மோஷனில் 240 படங்கள் வைத்து, பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் போனை நிறுத்தி எடுங்கள். பிறகு வலையில் விழுந்த அடிகளையும் நன்றாகப் போனவற்றையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். பந்தை உடலுக்கு முன்னால் சந்திக்கிறீர்களா, இடுப்புக்கு நேராகவா? மட்டை பந்துக்குக் கீழிருந்து மேலெழுகிறதா, தட்டையாக வருகிறதா? கை வீச்சைத் திருத்தவே எல்லோரும் அவசரப்படுகிறார்கள். நான் பார்த்தவரை, பாதிப்பேருக்குக் கை நன்றாகவே இருக்கிறது. கால்தான் தாமதமாக வந்து சேர்கிறது. படத்தை முழங்காலுக்குக் கீழே மட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், புரியும்.

கேள்வி: போன் இல்லாமல் கவனிக்க வழி உண்டா?

பதில்: உண்டு, அதை நான் இன்னும் உயர்வாக மதிக்கிறேன். ஒவ்வோர் அடிக்கும் பிறகு, பந்து வலைக்கு எவ்வளவு மேலே கடந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்: "ஒரு முழம்", "இரண்டு முழம்". நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். வலை நடுவில் 91.4 செ.மீ., கம்பங்களருகே 1.07 மீட்டர், ஆகவே குறுக்காக நடுவழியே அடிக்கும்போது இடம் அதிகம் கிடைக்கும். உயரத்தைச் சொல்லிச் சொல்லி ஆடும்போது கை தானே உயரத்தைச் சரிசெய்துகொள்வதைக் காண்பீர்கள்.

கேள்வி: சார், எனக்கு 52 வயது. சர்வில், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் அடியில், பந்து ஒவ்வொரு முறையும் வேறு இடத்துக்குப் போகிறது.

பதில்: சர்வை விடுங்கள், டாஸை, அதாவது அடிக்கும் முன் பந்தை மேலே எறிவதை, மட்டும் பாருங்கள். வலக்கை ஆட்டக்காரர் என்றால், கோட்டுக்குப் பின்னால் நின்று, இடது கால் நுனிக்கு முன்னே, ஆடுகளத்துக்குள் மட்டையைத் தரையில் வையுங்கள். பந்தை எறிந்துவிட்டு அடிக்காமல் விழ விடுங்கள். மட்டைத் தலைமேல் விழுகிறதா? உங்கள் தலைக்குப் பின்னால் விழுந்தால் முதுகு வளைகிறது என்று பொருள், தோளுக்கும் கெடுதல்.

கேள்வி: டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் அடித்த பிறகும் தலையைத் திருப்பாமல் இருப்பாரே, அதைப் பழகலாமா?

பதில்: கட்டாயம் பழகுங்கள். பந்து போன பிறகும் அவர் முகம் சந்தித்த இடத்தையே நோக்கியிருக்கும். அவருடைய மணிக்கட்டை நகலெடுக்க வேண்டாம். இந்த நிதானம் எல்லோருக்கும் எட்டக்கூடியது.

கேள்வி: பேக்ஹேண்ட் (எதிர்ப்பக்கத்து அடி) அடிக்கும்போது முழங்கை வலிக்கிறது. வீடியோ அனுப்பட்டுமா?

பதில்: முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, கோச் சொன்னபடி மட்டையைத் தாழ்த்துகிறேன். மிகையாகச் செய்வதுபோல் கூச்சமாக இருக்கிறது.

பதில்: தம்பி, அந்த உணர்வை நம்பாதே. ஓர் அடி உயரம் தாழ்த்தியதாகத் தோன்றும். படத்தில் நான்கு விரற்கடைகூட இறங்கியிருக்காது. கூச்சத்தோடு பத்துப் பந்து அடி, உடனே படத்தைப் பார், மறுபடி அடி. இது பழகும்வரை வேறு எந்தக் குறையையும் தொடாதே.