தண்டல் வீட்டுப் பேத்திக்கு எந்தப் பள்ளி?

போன வாரம் நியூயார்க் குவீன்ஸிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். மகள் செப்டம்பரில் எட்டாம் வகுப்புக்குப் போகிறாள். ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் சயின்ஸ் மாதிரியான, தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கிற நகரச் சிறப்புப் பள்ளிகளுக்கான எஸ்.எச்.எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வுக்குக் கோடை முழுக்க கோச்சிங் பேசி, முன்பணமும் கட்டிவிட்டார்கள். இப்போது பெண், "எனக்கு அது வேண்டாம், ஹார்பர் ஸ்கூலில் சேர்ந்து படகு ஓட்டப் படிக்கிறேன்" என்கிறாள். வீட்டில் மூன்று நாளாக யாரும் சரியாகச் சாப்பிடவில்லையாம். அத்தை சொன்னதுதான் அந்த அம்மாவை அதிகம் நோகடித்திருக்கிறது: "கடலை விட்டு வெளியே வரத்தானே எங்க அண்ணன் படிச்சான்? பிள்ளையைத் திரும்ப அங்கேயே அனுப்புறீங்களா?"

அந்த அண்ணன், அதாவது பெண்ணின் அப்பா, தூத்துக்குடிக்காரர். தாத்தா கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓட்டிய தண்டல். அத்தையின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. முதல் பத்து நிமிடம் "கவலைப்படாதீங்கம்மா" என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் நிறுத்திவிட்டேன். டிசம்பரில் உயர்நிலைப் பள்ளிக்கான விருப்பப் பட்டியலை நிரப்பும்போது என் ஆறுதல் அவருக்கு எந்த உதவியும் செய்யாது.

சிறப்புப் பள்ளிகளைப் பற்றி நீட்ட மாட்டேன், உங்களுக்கே தெரியும். ஆண்டுக்குச் சுமார் 25,000 பிள்ளைகள் எழுதி, சுமார் 4,000 பேருக்கு இடம் கிடைக்கிறது. ஒரே ஒரு தேர்வு. விரும்பி எழுதுகிற பிள்ளை எழுதட்டும். எழுத மாட்டேன் என்கிற பிள்ளைக்கு ஆயிரக்கணக்கான டாலர் கோச்சிங் கட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன். அத்தை மகன் ஸ்டைவசன்ட் போனான் என்பது அத்தை மகனைப் பற்றிய செய்தி. அதை வைத்து உங்கள் பெண்ணுக்கு முடிவெடுக்க முடியாது.

சரி, அவள் கேட்கிற பள்ளி என்ன?

நியூயார்க் ஹார்பர் ஸ்கூல் நகர அரசின் பொதுப் பள்ளி. கல்விக் கட்டணம் கிடையாது. 2003இல் புரூக்ளினின் புஷ்விக் பகுதியில், தண்ணீரே கண்ணில் படாத இடத்தில் தொடங்கியது. 2010இல் கவர்னர்ஸ் தீவுக்கு மாறியது. மன்ஹாட்டனின் தென்முனைக்கு எதிரே, சில நிமிட ஃபெரி தூரத்தில் இருக்கிற 172 ஏக்கர் தீவு அது. 1996 வரை கோஸ்ட் கார்டு, அதாவது அமெரிக்கக் கடலோரக் காவல் படை, அங்கே இருந்தது. பிள்ளைகள் தினமும் காலையில் ஃபெரி ஏறித்தான் பள்ளிக்குப் போகிறார்கள்.

உள்ளே கப்பல் இயக்கம், படகு கட்டுவதும் இன்ஜின் பழுதுபார்ப்பதும், நீர்மூழ்கல், சிப்பி வளர்ப்பு, கடல் உயிரியல் ஆய்வு, நீருக்கடியில் போகும் ரோபோ செய்கிற கடல் பொறியியல் என்று தனித்தனிப் பிரிவுகள். இவை எல்லாம் ஒரே வேலையில் வந்து சேர்கின்றன என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நியூயார்க் துறைமுகம் ஒரு காலத்தில் சிப்பிப் பாறைகளால் நிறைந்து கிடந்தது. அளவுமீறி அள்ளியதும் சாக்கடையும் சேர்ந்து அழித்துவிட்டன. வளர்ந்த ஒரு சிப்பி நாளொன்றுக்கு 50 கேலன் தண்ணீர் வரை வடிகட்டும். அதனால் 2035க்குள் நூறு கோடி சிப்பிகளைத் துறைமுகத்தில் திரும்ப வளர்க்க வேண்டும் என்று 'பில்லியன் ஆய்ஸ்டர் புராஜெக்ட்' முயல்கிறது. அது முளைத்ததே இந்தப் பள்ளியில்தான். உணவகங்கள் கழித்த ஓடுகளைச் சேர்த்து, சுத்தம் செய்து, அவற்றின்மேல் சிப்பிக் குஞ்சுகளை ஒட்டவைக்கிறார்கள். ஒரு பிரிவுப் பிள்ளைகள் குஞ்சு வளர்க்க, இன்னொரு பிரிவு கூண்டு செய்ய, மற்றொரு பிரிவு படகை ஓட்டிக் கொண்டுபோக, மூழ்கத் தெரிந்தவர்கள் அடியில் இறங்கிப் பார்க்க, உயிரியல் பிள்ளைகள் அளந்து எழுதுகிறார்கள். பதினாறு வயதில் தன் வேலை இன்னொருவர் கைக்குப் போய்ச் சேர்வதைப் பார்க்கிற வாய்ப்பு எத்தனை பள்ளியில் கிடைக்கிறது? ரீஜன்ட்ஸ் என்கிற மாநிலத் தேர்வை மற்ற பள்ளிப் பிள்ளைகள் போலவே இவர்களும் எழுதுகிறார்கள். நாளைக்கு மனம் மாறி கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்றாலும் எந்தக் கதவும் மூடாது.

கடலிலேயே தொடர விரும்பினால், பிராங்க்ஸில் ஃபோர்ட் ஸ்கைலரில் சுனி மாரிடைம் கல்லூரி இருக்கிறது. 1874இல் தொடங்கிய மாநிலக் கல்லூரி. நியூயார்க் மாநிலத்தவருக்குக் கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 7,000 டாலர். சீருடை, விடுதி, கோடைக் கப்பல் பயணம் எல்லாம் தனிச் செலவு, அதையும் இப்போதே எழுதி வையுங்கள். பட்டத்தோடு தேர்ட் மேட் அல்லது தேர்ட் அசிஸ்டன்ட் இன்ஜினீயர் என்கிற தொடக்கநிலைக் கப்பல் அதிகாரி உரிமத்துக்கும் தயாராகலாம். லாங் ஐலண்டின் கிங்ஸ் பாயின்ட்டில் உள்ள மத்திய அரசின் வணிகக் கப்பல் அகாடமியில் கல்வியும் தங்குமிடமும் இலவசம். பதிலுக்குப் படிப்பு முடிந்தபின் பல ஆண்டுகள் கட்டாயப் பணி செய்ய வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தில் நான் வளைந்துகொடுக்க மாட்டேன். பெரிய கப்பல்களில் மேட், கேப்டன், இன்ஜினீயர் ஆவதற்கான கோஸ்ட் கார்டு உரிமம் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே. கிரீன் கார்டு இருந்தால் அதிகாரிக்குக் கீழ்நிலை மாலுமியாகலாம், அதிகாரி ஆக முடியாது. வேலை விசாவில் வந்தவர்களின் குடும்பத்துக்குக் கொடுக்கும் எச்-4 விசாவில் இருக்கிற பிள்ளைக்கு அதுவும் இல்லை. ஹார்பர் ஸ்கூலில் சேர விசா ஒரு தடை இல்லை, ஆனால் அதற்குப் பிறகு வருகிற உரிமத்துக்குத் தடை. சென்னையில் பிறந்து எச்-4இல் இருந்த ஒரு பையன் இதே ஆசையோடு வந்தபோது, அதிகாரி கனவை இப்போதைக்கு நம்பாதே, கடல் உயிரியல் பக்கம் யோசி என்று முகத்துக்கு நேரே சொன்னேன். இந்தப் பெண் குவீன்ஸிலேயே பிறந்தவள். அவளுக்கு அந்தத் தடை இல்லை.

அத்தைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் கப்பல் வேலை என்றாலே, லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு காணாமல் போன ஏஜென்ட் நினைவுக்கு வருகிறார். மாலுமியிடம் வேலைக்குக் காசு வாங்குவதையே 2006ஆம் ஆண்டு கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் தடை செய்கிறது. இந்தப் பள்ளிக்கு நடுவில் ஏஜென்டே கிடையாது.

"பொம்பளப் பிள்ளையாச்சே" என்று பாட்டி கேட்டதை ஒதுக்கிவிட முடியாது. உலகக் கப்பல் பணியாளர்களில் பெண்கள் 1.2 சதவீதம்தான் என்று 2021இல் வந்த கணக்கு சொல்கிறது. அதே ஆண்டு, பயிற்சிக் கப்பலில் தனக்கு நடந்த பாலியல் கொடுமையைக் கிங்ஸ் பாயின்ட் மாணவி ஒருவர் பெயர் சொல்லாமல் வெளியே எழுதினார். மாணவர்களைக் கப்பலுக்கு அனுப்புவதையே கொஞ்சகாலம் நிறுத்தினார்கள். 2022 இறுதியில் சட்டமும் கடுமையானது. ஆபத்து தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பெண்ணிடம் இதை மறைக்காமல் பேசுங்கள். அவள் கடலுக்குப் போவதா, துறைமுகத்திலும் ஆய்வகத்திலும் வேலை பார்ப்பதா என்று முடிவெடுக்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு உண்மையான கவலை தூரம்தான். கிழக்கு குவீன்ஸிலிருந்து பஸ், ரயில், ஃபெரி என்று போனால் ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரம் தாண்டலாம். குளிர்காலத்தில் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்ப வேண்டும். பள்ளி நாளில் ஒரு காலை, அதே நேரத்துக்கு அவளோடு ஃபெரித்துறை வரை போய்ப் பாருங்கள். பாதி வழியில் அவள் முகம் சுருங்கினால் எனக்குச் சொல்லுங்கள், வேறு பள்ளி பார்ப்போம்.

சுருங்காவிட்டால், பட்டியலில் இந்தப் பள்ளியை முதல் இடத்தில் போடுங்கள். முதலில் வேறு 'பெரிய' பள்ளி, கீழே இது என்று கணக்குப் போடாதீர்கள். நகரத்தின் ஒதுக்கீட்டு முறையை 2003இல் ஆல்வின் ராத் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் வடிவமைத்தார்கள். உண்மையில் அதிகம் விரும்புகிற பள்ளியை முதலில் எழுதுவதால் அடுத்த பள்ளியில் கிடைக்கும் வாய்ப்பு குறையாது.

கோச்சிங் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மிச்சத்தைக் கட்டாதீர்கள். அதில் ஒரு சிறு பங்கில் இந்தக் கோடையில் நீச்சல் வகுப்பில் சேருங்கள். தண்டல் வீட்டுப் பேத்திக்கு இன்னும் நீந்தத் தெரியாதாம்.